இரண்டாம் தோழன்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைதான்
எங்களுக்கு ஒத்திகைக் கொட்டகை.
தொங்கும் ஷீட்டுகளை விலக்கிக்கொண்டு
ராஜகுமாரி வருவாள்.
பால் புளித்த வாடை அவளுக்கு முன்னால் வந்துவிடும்.

வாசகசாலை ஆண்டுவிழா நாடகம்.
எழுதி இயக்குபவர் எல்.ஐ.சி. ஏஜென்ட் சோபனராஜ்.
எல்லா ஊர் மேடையிலும் ஏறி இறங்கிய கதைதான்:
இரண்டு தோழர்கள், ஒரு மோதிரம்,
கைமாறிப் போகும் ஒரு கடிதம்.
முதல் தோழன் காதலிக்கிறான்.
அவன் வர்ணிப்பதைக் கேட்டே
இரண்டாம் தோழனும் காதலிக்கிறான்.
முதல் தோழன், பென்சிகர்.
இரண்டாவது நான்.

கர்த்தர் அறிய,
மூன்று வருடம் ஆஸ்பத்திரி லேபில்
லீதியாளிடம் கை நீட்டியிருக்கிறேன்.
ஊசி குத்துவாள்.
டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்பாள்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்திருக்கிறேன்.
வேறொன்றும் நடக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மழை,
பென்சிகர் என் காதில் சொன்னான்:
"லேய், அவ பழம்பொரி திங்கியத பாத்தியா?
சுத்தி ஓரத்தத் தின்னுட்டு
நடுவ கடசிக்கு வைப்பா."
பார்த்தேன்.
அன்று ராத்திரி உறக்கமில்லை.

வெப்ராளம் என்போம் எங்கள் ஊரில்.
நெஞ்சுக்கும் தொண்டைக்கும் இடையில்
ஒரு கோழி புகுந்துகொண்டதுபோல.

அவன் நீலச் சட்டை போட்டான், நானும்.
அவன் மீசையை ஒதுக்கினான்,
நான் எடுத்தே விட்டேன்.
அவன் நாலு மங்குஸ்தான் கொடுத்தான்,
நான் இரண்டு கிலோ,
பேச்சிப்பாறையில் ஏறிப் பறித்தது என்று.
சந்தையில் வாங்கியது.
எனக்கு ஏறுவதைப் பார்த்து
அவனுக்கு ஏறியது.
அதுவரைக்கும் சும்மா சொன்னதுதானாம்.
இதைப் பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

விடியுமுன் பால்வெட்டு.
நெற்றிவிளக்கு வெளிச்சத்தில்
மரம் மரமாக வசனம் சொல்லிப் போனேன்:
"நீ மிதித்த படியாகப் பிறந்திருக்கக் கூடாதா நான்!"
பாதித் தோட்டம் தாண்டிய பிறகுதான் உறைத்தது,
அது என் வசனமில்லை, அவனுடையது.
பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு விளக்கு
மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்ந்தது.
அங்கே என் வசனம் கேட்டது.

நாடகத்தன்று சோபனராஜ் சொன்னார்,
"ராஜகுமாரிக்கு எதுக்கு பிள்ளே கண்ணாடி?"
கழற்றிவிட்டாள்.
மைனஸ் ஐந்து.
அவளுக்கு நாங்கள்
நீல நிறத்தில் இரண்டு புகைமூட்டம்.

மோதிரக் காட்சி.
"என் மனம் கவர்ந்தவர் இவரே" என்று கை நீட்டினாள்.
என் பக்கம் இல்லை.
பென்சிகர் பக்கமும் இல்லை.
ஓரத்தில் திரைக்கயிற்றைப் பிடித்தபடி
கடலை தின்றுகொண்டிருந்தான் அஜிகுமார்.
மரியாதைக்குக் கை நீட்டி
மோதிரத்தை வாங்கி
ஒரு கடலையும் கொடுத்தான்.

சனம் சிரித்த சிரிப்பில் மைக் கூவியது.
நாங்கள் இரண்டுபேரும் மட்டும் சிரிக்கவில்லை.
இவனிடம் அப்படி என்ன இருக்கிறது?
அடுத்த வாரம் அவன் தலைக்கு
எந்த எண்ணெய் தேய்க்கிறான் என்று விசாரித்தேன்.
"பென்சி அண்ணன் நேத்தே கேட்டாரே" என்றான்.

திரை விழுந்ததும்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
எங்களை மாறி மாறிப் பார்த்தாள் லீதியாள்.
"ரெண்டுபேரும் ஒரே கடையிலயா சட்ட எடுத்திய?"
அவ்வளவுதான் கேட்டாள்.
தையில் மஸ்கட் போனாள்.
அங்கே ஏதோ லேபாம்.

இப்போது மரத்தடியில் வசனம் இல்லை.
கத்தி, சிரட்டை, கொசு.
ஆனால் பக்கத்துத் தோட்ட விளக்கு
ஒரு மரத்தடியில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால்
என் கையும் நின்றுவிடுகிறது.
அப்படி என்னத்தைப் பார்க்கிறான்?